பொட்டு வைத்த ஹங்கேரிப் போத்தல்கள்

அன்றைக்கு அந்தச் சாப்பாட்டறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: உணவகத்தின் முதலாளி லாஸ்லோ, சமையல் பார்த்த வட்டுக்கோட்டைச் சின்னராசா அண்ணை, கோப்பை கழுவிய மட்டக்களப்பு யோசேப்பு, மகளுக்குக் கலியாணம் வைத்திருந்த, உறுதி எழுதும் கியூபெக் நொத்தாரிஸ் ஒருவர், அந்த மகள் சொலான்ஜ், அடுத்தது நான். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. தாங்களும் கண்ணால் கண்டதாகப் பிற்காலத்தில் சொன்னவர்களைச் சேர்த்தால் அந்த அறை கொள்ளாது. லாசாலில் இருக்கிற என் மைத்துனர்கூட ஒரு பிறந்தநாள் விழாவில், தான் எனக்குப் பக்கத்தில் நின்றதாகச் சொன்னார். அவர் கனடாவுக்கு வந்ததே அதற்கு நாலு வருடம் கழித்துத்தான்.

ஓய்வு பெற்றவர்களின் மலருக்கு வேலை அனுபவம் ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதினால் பிழை வருமே என்ற கவலையில் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது எழுதாவிட்டால் மறந்துபோகுமே என்ற கவலை அதைவிடப் பெரிதாகிவிட்டது. ஒரு கவலையை இன்னொரு கவலை துரத்தித்தான் என் வாழ்க்கையில் காரியங்கள் நடந்திருக்கின்றன.

இன்னொரு காரணம், நான் கடைசியாக வேலை செய்த ஹோட்டலின் இளம் பரிமாறுநர்கள். இப்போதெல்லாம் கலியாண விருந்தில் நுரைக்கும் வைனைக் குலுக்கி, வெடிக்கவைத்து, சுவரெல்லாம் தெளிக்கிறார்கள். அதைப் படம் பிடிக்கப் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவன் கேட்டான்: "அங்கிள், நீங்கள் திறந்தால் மட்டும் ஏன் சத்தமே வருகுதில்லை?" பதில் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் மேசைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பதில்தான் இது.

எண்பதுகளின் நடுவில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தேன். கோட்-டெ-நெய்ஜில் ஓர் அறையில் ஏழு பேர் படுத்தோம். ஒருவர் புரண்டால் எல்லோரும் புரள வேண்டும். சின்னராசா அண்ணை தான் வேலை செய்த ஹங்கேரி உணவகத்தில் என்னைக் கோப்பை கழுவச் சேர்த்துவிட்டார். ஆறு மாதம் கழுவினேன். அதற்குள் யோசேப்பு வந்தான். அவன் கழுவுகிற வேகத்தைப் பார்த்த முதலாளி என்னை நிலவறைக்கு இறக்கிவிட்டார். பதவி உயர்வு என்றார் சின்னராசா அண்ணை. உயர்வு என்றால் ஏன் பதினான்கு படி கீழே இறங்க வேண்டும் என்பது என் கவலை.

அந்த நிலவறையில்தான் முதலாளியின் சொத்து இருந்தது. ஹங்கேரியில் நுரைக்கும் வைன் செய்வார்கள் என்பது அந்தக் காலத்தில் மொன்றியலில் பலருக்குத் தெரியாது. ஷாம்பெயின் என்று யாராவது சொன்னால் முதலாளி திருத்துவார்: "அது பிரான்ஸ். இது பெஷ்கோ." பூடாபெஸ்ட்டுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து செய்த குகைகளில் வருடக் கணக்காகக் கிடந்து வந்தவை. சாதாரணப் போத்தலில் பல வருடத்து வைனைக் கலந்துவிடுவார்கள். நல்ல வெயில் காய்ந்த வருடத்துத் திராட்சையை மட்டும் தனியே எடுத்துச் செய்தால், அந்த வருடத்தை லேபிளில் போடுவார்கள். எங்களிடம் இருந்தது அப்படி இரண்டு பெட்டி: பன்னிரண்டு போத்தல் அறுபத்துநாலாம் ஆண்டு, பன்னிரண்டு எழுபத்தெட்டாம் ஆண்டு. அரச மதுக்கடை வழியாக, ஒவ்வொரு தாளிலும் முத்திரை குத்தி, அவர் முறையாக இறக்கியவை.

போத்தலுக்குள் இருக்கிற காற்றின் அமுக்கம் கார் டயரில் இருப்பதைவிட அதிகம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த நாள் நான் தலையில் ஓர் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினேன். முதலாளி படியில் நின்று பார்த்தார். மறுநாள் காலையில் நிலவறைக் கதவு ஆணியில் வாள்சண்டைக்காரர் போடுவது போன்ற ஒரு கம்பி முகமூடி தொங்கியது.

"எங்கள் ஊர்க் குகைகளில் இதைத்தான் போடுவார்கள்," என்றார். "சட்டி சமையலுக்கு வேணும்."

அவர் பேசியது பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. நான் விளங்கிக்கொண்ட விதத்தில் எழுதுகிறேன். எங்கள் தமிழில் 'நீர்' என்று போட்டால்தான் அவருடைய குரல் வரும். ஒல்லியான மனிதர், அகலம் குறைந்த கறுப்புக் கழுத்துப்பட்டி. நிலவறைக்குள் தோல் செருப்போடு வர மாட்டார், கம்பளிச் செருப்பு. அங்கே குழந்தைகள் படுத்திருப்பது போல மெல்லப் பேசுவார். ஏசத் தெரியாது. பிழை விட்டால், "இன்றைக்கு நான் மகிழ்ச்சியாக இல்லை," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு மற்றவர் எப்படிச் சாப்பிடுவது?

திறக்கிற முறையை அவர் எனக்குப் பழக்கியது தண்ணீர் நிரப்பிய போத்தலில் அல்ல, வெறும் கையில். "இடக்கைப் பெருவிரல் தக்கைக்கு மேலே. கம்பியைத் தளர்த்தலாம், ஆனால் விரலை எடுக்கக் கூடாது. மேலே வெள்ளைத் துணி. போத்தலைச் சரித்துப் பிடியும். தக்கையைத் திருகாதேயும். தக்கையைப் பிடித்துக்கொண்டு போத்தலைத் திருகும். அது தானாக வெளியே வரப் பார்க்கும். நீர் விடக் கூடாது. உள்ளே தள்ளிக்கொண்டே வெளியே விடும்."

"தள்ளிக்கொண்டு எப்படி விடுறது, சேர்?"

"விருந்தாளி போகிறேன் என்று எழும்பும்போது நீங்கள் எல்லாரும் செய்வீர்களே, இருங்கோ இருங்கோ என்று சொல்லிக்கொண்டு வாசல் வரைக்கும் போவது. அப்படி."

சரியாகத் திறந்தால் வருகிற ஓசை, வயதானவர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது விடுகிற மூச்சு. அவ்வளவுதான். அதற்கு மேலே ஒரு துளி சத்தம் வந்தாலும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். காற்றுப் போனால் வைன் கெடும், அதற்காகத்தான் என்று நாங்கள் நினைத்தோம்.

எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பின் ஒழுங்கையில் குப்பை லொறி வந்து பெட்டியைக் கீழே போட்டால் சின்னராசா அண்ணையின் கரண்டி கையில் நிற்காது. யோசேப்பு சுவரோடு ஒட்டிவிடுவான். எனக்கு லொறி வரப்போகிறதே என்ற கவலையில் அது வருவதற்கு முன்னமே வியர்க்கும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அந்தக் குளிர்காலம் வியாபாரம் படுத்துவிட்டது. வசந்தத்தில் ஓராளைக் குறைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். கணக்குப் பார்த்தால் சமையலுக்கு ஆள் வேண்டும், கோப்பை கழுவ ஆள் வேண்டும், நிலவறைக்கு ஆள் இல்லாவிட்டாலும் போத்தல்கள் படுத்துத்தான் இருக்கும். அந்த ஓராள் நான். அதே நேரத்தில் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட நான் விண்ணப்பித்திருந்தேன். வேலை நிரந்தரமா என்று முதலாளியைத் தொலைபேசியில் கேட்போம் என்று குடிவரவு அதிகாரி சொல்லியிருந்தார். எந்த நாள் என்று சொல்லவில்லை. வேலை போனால் அவர்களும் வர முடியாது.

இந்த நிலைமையில்தான் நொத்தாரிஸ் வந்தார். மகள் பிறந்தது அறுபத்துநாலில், அவளுடைய கலியாணத்துக்கு அந்த வருடத்து வைன் வேண்டும் என்றார். ஊரெல்லாம் தேடிவிட்டு எங்களிடம் வந்திருந்தார். பிடித்தால் விருந்தையும் எங்களிடமே தருவதாகச் சொன்னார். விருந்து கிடைத்தால் ஆட்குறைப்பு இல்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, இரண்டு பெட்டியையும் மேலே கொண்டுவந்து வைக்கச் சொன்னார். மாலை மூன்று மணிக்கு மகளோடு வருவார்கள், ஒன்றைத் திறந்து ருசி காட்டுவோம்.

காலையில் ஒவ்வொரு போத்தலாகக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்து சாப்பாட்டறையில் வைத்தேன். பிறகு பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். போகாவிட்டால் வருகைப் பதிவு கெடும், அது இன்னொரு கவலை. திரும்பி வரும்போது இரண்டேமுக்கால்.

மேசையில் இருபத்துநாலு போத்தலும் பளபளவென்று நின்றன. ஒன்றிலும் லேபிள் இல்லை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

"இதென்ன அண்ணை?" என்றேன்.

"ஏன், வடிவாயில்லையே?" என்றார் சின்னராசா அண்ணை. "கலியாண வீட்டுக்குப் போற சாமான். உந்தத் தூசியோடையே குடுக்கிறது?"

"லேபிள் எங்கை?"

"அது கழண்டு போச்சு அண்ணன்," என்றான் யோசேப்பு. "பழைய பசைதானே. நல்லா ஊறப்போட்டுத் தேய்ச்சன்."

"எதிலை ஊறப்போட்டனி?"

"சுடுதண்ணியில. பச்சைத் தண்ணிக்கு இந்த ஊத்தை போகாது. மறுகா எல்லாத்தையும் ஒண்டா அடுக்கினன்."

"எது எந்தப் பெட்டியிலை இருந்தது எண்டு பாத்தனியா?"

"ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருந்தது."

அவன் சொன்னது உண்மை. ஒரே குகை, ஒரே பச்சைக் கண்ணாடி, கழுத்தில் ஒரே ஈயத்தாள். வித்தியாசம் லேபிளில் மட்டும்தான் இருந்தது. லேபிள்கள் கழுவுதொட்டியின் சல்லடையில் குழைந்த சோறு போலக் கிடந்தன.

"உங்கடை மறுகாவிலைதான் எல்லாம் பிழைச்சது," என்று சின்னராசா அண்ணை அவனைப் பார்த்துச் சொன்னார். 'மறுகா' என்றால் மட்டக்களப்பில் 'பிறகு'.

"பொட்டு ஆர் வைச்சது?"

"அது நான்."

"குடிக்கிற சாமானுக்கு ஆரும் பொட்டு வைப்பினமே, அண்ணை?"

"போத்தலுக்குத்தான் வைச்சனான். உள்ளுக்கு இருக்கிறதுக்கு இல்லை."

ஒரு போத்தலைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரனின் நெற்றி போலச் சுட்டது. பின்வாசலில் பனி குவிந்து கிடந்தது. அதற்குள் புதைத்தால் என்ன என்று நான் யோசித்து முடிப்பதற்குள் முன்கதவு மணி அடித்தது. முதலாளி, நொத்தாரிஸ், மகள்.

முதலாளி மேசையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பரம்," என்றார். "இன்றைக்கு நான் மகிழ்ச்சியாக இல்லை."

மகள் ஒரு போத்தலுக்குக் கிட்டப் போய்க் குனிந்தாள். "இந்தச் சிவப்புப் புள்ளி என்ன?"

சின்னராசா அண்ணை தனக்குத் தெரிந்த பிரெஞ்சை எல்லாம் திரட்டி, "மரியாஜ்," என்றார். கலியாணம். அவள் சிரித்துவிட்டாள். நொத்தாரிஸ் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதில் எது அறுபத்துநாலு?" என்று கேட்டார்.

முதலாளி ஏதாவது ஒன்றைக் காட்டியிருக்கலாம். அந்த அறையில் யாருக்கும் தெரியாது. நான் மனதுக்குள், காட்டுங்கோ சேர், காட்டுங்கோ என்று கெஞ்சினேன். வெள்ளவத்தை லொட்ஜில் கட்டிய பெட்டிதான் எனக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியாது," என்றார் முதலாளி. "பாதி அறுபத்துநாலு. பாதி எழுபத்தெட்டு. காலையில் தெரிந்திருந்தது."

நொத்தாரிஸ் தொப்பியைக் கையில் எடுத்தார். மகள் அவருடைய கையைப் பிடித்து, "அப்பா, வந்ததற்கு ஒன்றைத் திறந்து பார்ப்போமே," என்றாள்.

முதலாளி ஒரு போத்தலைத் தூக்கினார். தூக்கியதும் அவருடைய முகம் மாறியது, சூடு தெரிந்திருக்கும். ஆனால் வாடிக்கையாளருக்கு முன்னால் திருப்பி வைக்க முடியுமா? என்னிடம் தந்தார். காதுக்குள், "மெதுவாக," என்றார்.

பெருவிரலை வைத்தேன். துணியைப் போட்டேன். கம்பியைத் தளர்த்தினேன். சரித்துப் பிடித்தேன். பிழை ஒன்றும் விடவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் உள்ளே இருந்தவர் 'இருங்கோ' என்றதைக் கேட்கும் நிலைமையில் இல்லை. விரல், துணி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு புறப்பட்டார். தக்கை கூரையில் பட்டது. அந்த வெடிச்சத்தம் அறையின் நாலு சுவரிலும் முட்டித் திரும்பியது.

எனக்கு நினைவு வரும்போது மேசைக்குக் கீழே, விரிப்புக்கு உள்ளே இருந்தேன். கையில் போத்தல் நுரைத்துக்கொண்டு இருந்தது. ஒரு பக்கத்தில் சின்னராசா அண்ணை. அவருக்கு முதுகில் முட்டிக்கொண்டு யோசேப்பு. மறுபக்கத்தில் இன்னும் ஒருவர் எங்களுக்கு முன்னமே வந்து இடம் பிடித்திருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கழுத்துப்பட்டி தோளுக்குப் போய்விட, முதலாளி.

நுரை என் மடியில் வழிந்தது.

"சேர்," என்றார் சின்னராசா அண்ணை கடைசியில், "கொஞ்சம் அங்காலை தள்ளி இருங்கோ. தம்பிக்கு இடம் காணாது."

முதலாளி தள்ளி இருந்தார். "எங்கள் தெரு முனையில் டாங்கி நின்றது," என்றார்.

"எப்ப, சேர்?"

"ஐம்பத்தாறில். ஹங்கேரியில் கிளர்ச்சியை அடக்க வந்தது."

"இவ்வளவு காலமாயும் போகேல்லையோ?"

"முப்பது வருடம்தான் ஆகிறது," என்றார் முதலாளி.

ஊரில் வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கி எனக்கு அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மிச்சத்தைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். அதற்குள் மேசைவிரிப்பு தூக்கப்பட்டது. மகள் சொலான்ஜ் குனிந்து எங்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கீழே கிளாஸ் தரட்டுமா?"

கிளாஸ்கள் கீழே வந்தன. மிச்சம் இருந்ததை ஊற்றினேன். நான் குடிக்காதவன், உதட்டில் மட்டும் வைத்தேன். தணலில் வாட்டிய பாணின் ஓரமும் பச்சை அப்பிளும் கலந்தது போல இருந்தது. முதலாளி குடிக்காமல் நிலத்தில் எதையோ தேடினார். உருண்டு வந்து கிடந்த தக்கையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார்.

"எழுபத்தெட்டு," என்றார் மேசைக்குக் கீழே இருந்தபடியே.

"எப்படித் தெரியும்?" நொத்தாரிஸின் குரல் மேலே இருந்து வந்தது.

முதலாளி வெளியே வந்து, முழங்காலைத் தட்டிவிட்டுத் தக்கையைக் காட்டினார். போத்தலுக்குள் கொஞ்சக் காலம் இருந்த தக்கை வெளியே வந்ததும் விரிந்து, காளான் போலக் காலை அகட்டிக்கொள்ளும். நெடுங்காலம் நெருக்குண்டு இருந்த தக்கை விரியாது. வெளியே எடுத்து விட்டாலும் உள்ளே இருந்த அதே ஒடுக்கத்திலேயே முளைக்கட்டை போல நிற்கும். இது விரிந்திருந்தது.

"ஆனால் திறந்தால்தான் தெரியும்," என்றார் நொத்தாரிஸ்.

"திறந்தால்தான்."

நொத்தாரிஸ் தொப்பியைத் திரும்ப மேசையில் வைத்தார். அவருடைய தொழில் மூளை வேலை செய்தது. மிச்சம் இருபத்துமூன்றையும் வாங்குகிறேன், என்றார். கலியாணத்தன்று ஒவ்வொரு தக்கையையும் தட்டில் வைத்துத் தன்னிடம் கொண்டு வர வேண்டும். ஒடுங்கிய தக்கைக்கு அறுபத்துநாலின் விலை, விரிந்த தக்கைக்கு எழுபத்தெட்டின் விலை. விருந்தும் எங்களிடமே.

"பொட்டை அழிக்கக் கூடாது," என்றாள் மகள்.

சின்னராசா அண்ணை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த உணவகத்தில் புதிதாக வந்த அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எதுவும் பொட்டு இல்லாமல் வேலை தொடங்கவில்லை.

அவர்கள் போனதும் முதலாளி எனக்கு முன்னால் வந்து நின்றார். வெடித்த போத்தலின் விலை நாற்பத்திரண்டு டொலர், அது உம்முடைய கணக்கில், என்றார். சரி என்றேன். சொல்லப்போனால் நிம்மதியாகவே இருந்தது. வேலையை விட்டு அனுப்புகிற ஆளிடம் கணக்கு வைப்பார்களா?

மே மாதம் கலியாணம். இருபத்துமூன்று போத்தலையும் நான்தான் திறந்தேன். இந்த முறை ஐஸில் கிடந்து சரியாகக் குளிர்ந்தவை. ஒவ்வொன்றும் செருப்பைக் கழற்றுகிற வயதானவரின் மூச்சு. சத்தம் வராததால் மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "வைன் செத்துப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தார். முதலாளி சுவரோரம் நின்றார், கண்ணை ஒருதரம்கூட மூடவில்லை. பன்னிரண்டு தக்கை ஒடுங்கி வந்தது, பதினொன்று விரிந்து வந்தது. அறுபத்துநாலில் குமிழிகள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றும் யோசித்து யோசித்து மேலே வந்தது. நிறம் தேன். சொலான்ஜ் முதல் கிளாஸைக் குடித்துவிட்டு, "என் வயதில் இது இன்னும் கொஞ்சம் துள்ள வேண்டாமா?" என்றாள். நொத்தாரிஸ் தக்கைகளை வரிசையாக வைத்து, விருந்தைக் கவனிக்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே எல்லாவற்றையும் கணக்குத் தீர்த்தார்.

அதற்கு அடுத்த கிழமை குடிவரவு அதிகாரி தொலைபேசி எடுத்தார். நான் வெங்காயப் பெட்டியைச் சுமந்துகொண்டு முதலாளிக்குப் பின்னால் நின்றேன். இறக்கி வைக்க மறந்துவிட்டேன்.

"ஓம், என்னிடம்தான் வேலை," என்றார் முதலாளி. பிறகு மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவர் யோசித்தார். "நிரந்தரமா என்றா கேட்கிறீர்கள்? ஐயா, அவர் எனக்குக் காசு தர வேண்டும். அது தீரும்வரை அவரை நான் எப்படி விடுவது?"

அதை அந்த அதிகாரி எப்படி எழுதினாரோ தெரியாது. பனி விழத் தொடங்கிய நாட்களில் மிராபெல் விமான நிலையத்தில் என் மனைவி இரண்டு பிள்ளைகளோடும் ஒரு கட்டிய பெட்டியோடும் வந்து இறங்கினாள். சின்னவன் என்னை அடையாளம் தெரியாமல் யோசேப்பிடம் போய்விட்டான். அதை யோசேப்பு இன்றைக்கும் சொல்லிக்காட்டுவான்.

சம்பள நாளில் கடனைப் பிடித்திருப்பார் என்று நினைத்து உறையை எண்ணினேன். பிடிக்கவில்லை. காசை எடுத்து நீட்டினேன். "இந்தக் கிழமை வேண்டாம், அடுத்த கிழமை," என்றார். அடுத்த கிழமையும் அதையே சொன்னார். வியாபாரம் படுத்த குளிர்காலங்கள் பின்பும் வந்தன. ஒவ்வொரு முறையும் நான் கவலையோடு காசை நீட்டினேன். ஒவ்வொரு முறையும் அவர் வாங்க மறுத்தார். அதனால் ஒவ்வொரு முறையும் எனக்கு வேலை இருந்தது.

கடைசியில் உணவகத்தையே மூடினார். என்னைத் தானே கூட்டிக்கொண்டு போய், முதலில் சொன்ன அந்த ஹோட்டலில் நிலவறை வேலைக்குச் சேர்த்துவிட்டார். சில வருடம் கழித்து கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்போது நான் வேறு இடத்தில் வேலை, வீடு சொந்தம், பிள்ளைகள் பல்கலைக்கழகம். இனியாவது வாங்குவார் என்று உறையைப் போர்வைக்கு மேல் வைத்தேன்.

அவர் அதைத் திறக்காமலே என் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்தார்.

"தந்துவிட்டால் நீர் பிறகு வர மாட்டீர்," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனேன். உறையையும் கொண்டுபோனேன். அவர் கடைசிவரை வாங்கவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, சொந்தம் என்று சொல்ல மொன்றியலில் யாரும் இல்லை. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன். கணக்கு அப்படியேதான் நிற்கிறது: நான் கொடுக்க வேண்டியது, நாற்பத்திரண்டு டொலர்.